நூற்றிருபது பொத்தான்

அநியாயம் நடந்தது டெர்வ்லாவின் அம்மாவுக்கு.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மசித்து ஓய்வு பெற்ற அசம்ப்டா, ரொம்ப நாள் ஆசையான சிவப்பு அக்கார்டியனைக் கேட்டு அயர்லாந்தின் கால்வே நகரில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனாள். 'உங்களுக்கெல்லாம் இது சரிப்படாது' என்று சொல்லி, கறுப்பாக ஒரு சின்ன அக்கார்டியன் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான் கடைக்காரன்.

இதை அம்மாவே போனில் சொன்னாள். அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சிரிக்கற விஷயமாம்மா இது?"

"விடுடி. நேத்து ஞாயித்துக்கிழமை பப்புல உங்கப்பா புல்லாங்குழல்ல ரெண்டு பாட்டு முழுசா வாசிச்சார், தெரியுமா?"

பேச்சை மாற்றுகிறாளாம். டெர்வ்லாவுக்குத் தாங்கவில்லை. மறுநாள் சமூகவியல் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தக் கடைக்குள் நுழைந்தாள்.

கடைக்காரன் மாலக்கிக்கு நாற்பது வயது இருக்கும். பழைய பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் அசம்ப்டாவோட பொண்ணு."

"ஓ, வாங்கம்மா! கறுப்புப் பெட்டி எப்படி இருக்கு?"

"அதைப் பத்தித்தான் பேசணும். எங்கம்மா கேட்டதுல இடது கைக்கு எத்தனை பொத்தான்?"

"நூத்தி இருபது."

"நீங்க குடுத்ததுல?"

"நாப்பத்தெட்டு."

"அறுபது வயசுப் பொம்பளைக்கு நாப்பத்தெட்டு போதும்னு யாரு முடிவு பண்ணினது? இதையே ஒரு ஆம்பளை கேட்டிருந்தா?"

"அவருக்கும் முதுகு வலிச்சிருக்கும். பத்து கிலோ."

"கிண்டலா?"

"பாதி கிண்டல். நம்ம ரீல் நடனப் பாட்டு வாசிக்க அவ்வளவு பொத்தான் எதுக்கும்மா? இருபது போதும். மீதி நூறும் சும்மா கூட ஊர்வலம் வரும்."

"அதை வாசிக்கறவங்க சொல்லட்டும். பதினாலு வயசுல ஒரு கல்யாணத்துல சிவப்புப் பெட்டியைப் பாத்ததுலேருந்து அவங்களுக்கு அந்த ஆசை. எங்கப்பாவே சொல்லித்தான் அனுப்பினார், 'பெரிசாவே வாங்கு அசம்ப்டா, சின்னதைத் தூக்கிட்டு வந்தா கதவைத் திறக்க மாட்டேன்'னு. புருஷனுக்கே இல்லாத ஆட்சேபணை உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

மாலக்கி திருப்புளியைக் கீழே வைத்தான்.

பதில் சொல்லாத ஆள் கிடைத்துவிட்டால் டெர்வ்லாவுக்கு நாள் முழுக்கப் பேச வரும். பெண் என்றால் சின்னது, வயசானால் அதைவிடச் சின்னது, இதுதானே உங்கள் கணக்கு என்றாள். பல்கலைக்கழகப் பத்திரிகையில் எழுதப்போகிறேன், தலைப்புகூடத் தயார் என்றாள்.

"எழுதுங்க. கடை முகவரியையும் போட்டுடுங்க. விளம்பரத்துக்கு ஆச்சு."

"அது மட்டுமில்ல சார். சனிக்கிழமை எங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன். அவர் கேக்கட்டும். கறுப்பைக் குடுத்துட்டு சிவப்பை வாங்கிட்டுப் போறோம்."

அதுவரை அலுங்காமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவனின் முகம் அப்போதுதான் மாறியது.

"அப்பா வேண்டாம்மா."

"ஏன், பயமா?"

"ஆமா."

அவன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து சிவப்பு அக்கார்டியனை இறக்கினான். தோளில் மாட்டி ஒரு ரீலில் நாலு வரி வாசித்தான். கடை நிறைந்து போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டெர்வ்லாவின் கால் அவளைக் கேட்காமலே தாளம் போட்டது.

"கறுப்புப் பெட்டியில ஒரு கட்டைக்கு ரெண்டே ரீடு, அதாவது சத்தம் போடற நாக்கு. இதுல ஒரு கட்டையை அழுத்தினா மூணு சேர்ந்து முழங்கும். உங்கம்மாவும் இங்கேயே உக்காந்து இதே ரீலைத்தான் வாசிச்சாங்க. என்னைவிட நல்லாவே வாசிச்சாங்க. பாதியில நிறுத்திட்டு, 'பக்கத்துல ஒருத்தர் மரப் புல்லாங்குழல் வாசிச்சா கேக்குமா?'ன்னாங்க. 'நல்ல மூச்சு இருந்தா கேக்கும்'னேன்."

டெர்வ்லாவின் கால் நின்றது.

பூஞ்சை பிடித்த வைக்கோலின் தூசி அப்பாவின் நுரையீரலில் இறங்கி இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஞாயிறு மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே பாட்டைச் சேர்ந்து வாசிக்கும்போது, அவர் மட்டும் பாதிப் பாட்டோடு நிறுத்திக்கொள்வார். போன ஞாயிறு வரைக்கும் அப்படித்தான்; அன்றைக்குத்தான் அம்மாவின் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டை முழுசாக வாசித்தார்.

"உங்கப்பா ஜார்லத்தை எனக்கும் தெரியும்மா" என்றான் மாலக்கி. "இந்தப் பெட்டி பக்கத்துல வந்து உக்காந்தா, சத்தம் ஜாஸ்தின்னு வாயைத் திறந்து சொல்லுவாரா? நம்ம ஊர்ல எவன் சொல்லியிருக்கான்? குழலை மடியில வச்சுக்கிட்டு 'அருமை, அருமை'ன்னுவார். அடுத்த வாரம் குழலை வீட்லயே வச்சுட்டு வருவார்."

டெர்வ்லாவின் குரல் பாதியாக இறங்கியிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சரி. அப்பாவுக்காகத்தான்னே வச்சுக்குவோம். ஆனா ஆசைப்பட்டது எங்கம்மா. அவங்க ஆசைக்கு மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?"

மாலக்கி சிவப்பு அக்கார்டியனை மெதுவாகத் தோளிலிருந்து கழற்றினான்.

"நான் மாட்டேன்னு சொல்லவே இல்லம்மா. இதை அவங்க தோள்ல மாட்டிவிட்டதே நான்தான். கழட்டி வச்சது அவங்க. 'பெரிசைக் குடுக்க மாட்டேன்னு கடைக்காரன் சொல்லிட்டான்னு வீட்ல சொல்லிக்கறேன் தம்பி. எம் பொண்ணு சண்டைக்கு வருவா, கொஞ்சம் திட்டு வாங்கிக்குவியா?'ன்னாங்க. சரின்னேன்."