பிடி வேண்டாத ராக்கெட்

ஒரு குட்டி ராக்கெட்டுக்கு அன்றைக்குத்தான் முதல் பறப்பு. மேகத்தைத் தொடாவிட்டால் மானமே போய்விடும் அதற்கு.

பக்கத்தில் நிமிர்ந்து நின்ற அலுமினியச் சட்டம் கூப்பிட்டது.

"தம்பி, உன் முதுகுப் பட்டன் ரெண்டையும் என் காடிப் பள்ளத்துக்குள்ள மாட்டிக்கோ. வேகம் பிடிக்கிற வரைக்கும் நேராப் போகலாம்."

"போன மாசம் செருப்பு ஸ்டாண்டுக்குக் காலா இருந்தவர்தானே நீங்க? எனக்கு வழி காட்டுறீங்களாக்கும்!"

"ஆமாப்பா. செருப்புங்க இப்படிப் பேசினதில்ல."

ராக்கெட் பட்டன்களை மாட்டாமலே தனியாக நின்றது. திரியில் நெருப்புப் பட்டதும் சீறிக் கிளம்பி, சாய்ந்து, எதிரே இருந்த குட்டையில் போய் விழுந்தது.

குட்டையில் படுத்திருந்த எருமை கேட்டது, "யாரைப் பார்க்க வந்தீங்க?"

மூக்குச் சேற்றைத் துடைக்காமலே ராக்கெட் சொன்னது, "இங்க வரத்தான் கிளம்பினேன்."

"அப்படியா! நாங்கல்லாம் நடந்தே வந்துட்டோம்."