சலிக்காத சேறு

ஏரிச் சேற்றை மூன்றே நாளில் பாறையாக்கும் ஆலை அது. சேறு அழுத்தும் அறைக்குள் போகும் முன் அதைச் சலித்து, அகப்படும் தவளைகளை ஏரியில் விடுவது லூர்தம்மாளின் வேலை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சலிக்காமலே கதவை மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வெளியே வந்த கல்லில், நான்கு கால்களையும் விரித்தபடி ஒரு தவளை பதிந்திருந்தது. கல் வாங்க வந்தவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கோடி வருஷம் பழசு மாதிரியே செஞ்சிருக்கீங்களேம்மா."

லூர்தம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

அவர் போனதும் மேலாளர் வந்தார். "அக்கா, இந்த மாதிரிக் கல்லுதான் எல்லாரும் கேப்பாங்க. இனிமே சலிக்க வேணாம்."

இப்போதெல்லாம் உள்ளே தவளைகள் கத்தி ஓயும்வரை, மூடிய கதவில் கையை வைத்தபடி நிற்கிறாள். நாலரை மணி பஸ் தினமும் அவளை விட்டுவிட்டுத்தான் போகிறது.