உயிரோடு ஒன்று போதும்

டாக்டர் ராட்னி ஃபென்விக் ஆறாவது சிப்பியையும் கத்தியால் நெம்பித் திறந்தார். தலையை அண்ணாந்து, அப்படியே வாய்க்குள் வழுக்க விட்டார். நல்ல ருசி. இந்தப் பட்டிக்காட்டு ஜனங்களுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் விருந்தாளியைக் கவனிக்கத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஹாக்ஸ்பரி ஆற்றில் இவர்கள் வளர்த்த சிப்பிகள் வைரஸ் தாக்கி லட்சக்கணக்கில் செத்து மூன்று வாரம் ஆகிறது. கொட்டகைக்கு வெளியே இன்னும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆக, இது தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த சரக்காகத்தான் இருக்கும். தன்னைக் காக்காய் பிடித்து நிவாரணத்துக்குச் சிபாரிசு வாங்கப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

பண்ணைக்காரர் மெர்வ் டகன், "ஒரு தடவை வந்து பாருங்க" என்று ஃபென்விக்கின் சிப்பி நோய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு நாலு முறை போன் செய்திருந்தார். ஃபென்விக் ஒரு முறைகூடப் பேசவில்லை. இயக்குநர் கட்டாயப்படுத்தியதால்தான் இன்று சிட்னியிலிருந்து கிளம்பி வந்தார். வந்தால், அந்த மனிதர் சிப்பி வளர்க்கும் கூடைகளைக் கரையேற்றப் படகில் போயிருக்கிறாராம்.

மெர்வ் டகனின் மனைவி ஜாய்லீன்தான் இருந்தார். ஈரச் சாக்கு மூடிய ஒரு வாளியைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தபோது, ஃபென்விக் போனில் இருந்தார்.

"டாக்டர், இதை உங்க கையிலதான் குடுக்கணும்னு மெர்வ் சொல்லிட்டுப் போனாரு. இது வந்து..."

"சரி, சரி, வச்சுட்டுப் போங்கம்மா. பேசிக்கிட்டிருக்கேன், தெரியல?"

ஜாய்லீனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. டீ போட்டு எடுத்து வருவதாக முணுமுணுத்துவிட்டு மேட்டிலிருந்த வீட்டுக்கு நடந்தார்.

ஃபென்விக் சாக்கை விலக்கினார், உள்ளே சிப்பிகள். கத்தி சுவரில் ஆணியில் தொங்கியது. யாரைக் கேட்க வேண்டும்?

"ஒண்ணுமில்ல இமோஜன், வீட்டுக்காரம்மா," என்றார் போனில், உதவியாளரிடம். "இங்க வந்ததே வெட்டி. கூடை கூடையா வெறும் ஓடு. இவங்ககிட்ட ஜீன்னு சொன்னா, எந்தக் கடையில வாங்கின பேன்ட்டுன்னு கேப்பாங்க."

மறுமுனையில் இமோஜன் சிரிக்கவில்லை. "அவங்க பிழைப்பே போச்சே, டாக்டர். அவரு எதையோ நேர்ல காட்டணும்னாரு."

"என்னத்தைக் காட்டப் போறான்? செத்த சிப்பிக்குப் பாடை கட்டிக் காட்டுவான்!" போனை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கடைசிச் சிப்பி அவர் தொண்டையில் இறங்கும்போது மெர்வ் உள்ளே வந்தார். இடுப்புவரை ரப்பர் உடுப்பு, தாடியில் சேறு. மேஜையைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"டாக்டர், அந்த வாளி..."

"முதல்ல நான் பேசறதைக் கேளுங்க," என்று ஃபென்விக் கையை உயர்த்தினார். "உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். இந்த வைரஸ் ஹெர்பிஸ் வகை. மனுஷனை ஒண்ணும் பண்ணாது, சிப்பியைத்தான் கொல்லும். அதுல ஒரு புரதம் இருக்கு. வைரஸோட மரபணுக்களைத் தட்டி எழுப்பறது அதோட வேலை. ஆனா தனியா அதால ஒண்ணும் கிழிக்க முடியாது. இன்னொரு புரதம் வந்து அதோட கோத்துக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் வைரஸ் தன்னைத்தானே நகலெடுக்கும். ஒண்ணு ஆயிரமாகும், ஆயிரம் கோடியாகும். நாலே நாள்ல இந்த ஆறு முழுக்கச் சுடுகாடு. புரியுதா?"

"புரியுது," என்றார் மெர்வ். அவர் கண் மேஜையை விட்டு நகரவில்லை.

"புரியாது. பரவாயில்ல. அந்த ரெண்டையும் சேரவிடாம தடுக்கற சிப்பி எங்கயாவது இருக்கணும். வைரஸ் உள்ள புகுந்தும் அது சாகாது. பதினோரு வருஷமா அதைத்தான் தேடறேன். உயிரோட ஒண்ணு போதும். எப்படித் தடுக்குதுன்னு கண்டுபிடிச்சு, அதை வச்சே குஞ்சு பொரிக்க வச்சு, இந்த நாட்டுல இருக்கற அத்தனை ஆத்தையும் காப்பாத்திடுவேன்."

ஜாய்லீன் டீத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். மேஜைமேல் குவிந்து கிடந்த ஓடுகளைப் பார்த்தார். தட்டை அப்படியே வாசற்படியில் வைத்தார்.

"ஆனா நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க? செத்ததை அள்ளிக் கொட்டுவீங்க, அப்புறம் குடிக்கப் போவீங்க," என்று ஃபென்விக் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஆத்துல பிழைச்சது ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க பாப்போம். இங்கயே உங்க முன்னாடி மண்டி போடறேன். காட்ட முடியாதுல்ல? பின்ன எதுக்குய்யா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சே?"

மெர்வ் மேஜையருகே வந்தார். ஒரு வெற்று ஓட்டை எடுத்து, அதன் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு டாக்டரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை.

"பதினாலு பிழைச்சிருந்துச்சு, டாக்டர். ருசி எப்படி?"