கடல் முதல் கடல் வரை, தனியாக

இன்றைக்காவது இந்த அம்மாளை எங்கேயாவது தொலைத்துவிட வேண்டும் என்று டெஸ்மண்ட் முடிவு செய்தார். சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லாத யார்க்ஷைர் மேட்டு நிலம். எதிரே முழங்கால் ஆழத்துக்குச் சேறு.

"பார்த்து வாங்க, இடது பக்கம் உள்ள இழுத்துடும்" என்று அவர் வாய் அவரை மீறிச் சொன்னது. கையும் தானாகவே நீண்டது. ரோவீனா அதைப் பிடித்துக்கொண்டு தாண்டி வந்தார்.

"ரொம்ப நன்றி. சேறு இன்னிக்குக் கொஞ்சம் அதிகம்தான், இல்ல?"

"நேத்துப் பெய்ஞ்ச மழைல்ல" என்றார் டெஸ்மண்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்து, ஒரே கட்டிலில் மூன்று பேராகப் படுத்து வளர்ந்தவர் அவர். பிறகு லீட்ஸில் பஸ் ஓட்டினார்; வீட்டிலே நான்கு மகள்கள். குளியலறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே யாராவது நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஓய்வு பெற்றதும் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மேற்குக் கடலில் தொடங்கி, இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து, கிழக்குக் கடல் வரை ஒற்றை ஆளாக, வாயைத் திறக்காமல் ஒரு நடை.

அந்த ஆசையில் முதல் நாள் மத்தியானமே மண் விழுந்தது. வழி ஒரு மேய்ச்சல் நிலத்துக்குள் போயிற்று. உள்ளே இளங்காளைகள் கூட்டமாக நின்று முறைத்தன. டெஸ்மண்ட் கேட் அருகில் நின்று வரைபடத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ரோவீனா, "மன்னிக்கணும், சேர்ந்தே போயிடலாமா?" என்று கேட்டார்.

பாவம், மாட்டைக் கண்டால் பயம் போலிருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் எப்படி மாட்டேன் என்பது? அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

'நான் தனியாகப் போக வேண்டும்' என்று ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொல்வதா? அதற்குக் கொலையே மேல் என்று நினைக்கிற குடும்பத்தில் வளர்ந்தவர் டெஸ்மண்ட். அதனால் வேறு வழிகளைப் பார்த்தார். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது, நீங்கள் முன்னால் போங்கள் என்றார். "எனக்கென்ன அவசரம்?" என்று ரோவீனா கல்சுவரில் உட்கார்ந்து, ஒரு பெருமூச்சோடு பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கும் ஒரு கோப்பை டீ ஊற்றினார்.

நேற்று இரவு விடுதியில் அந்த அம்மாளே, "நாளைக்கு நல்லாத் தூங்கிட்டு மெதுவாத்தான் கிளம்பப் போறேன்" என்று கொட்டாவி விட்டார். அதை நம்பி டெஸ்மண்ட் முட்டை, பன்றி இறைச்சி எல்லாவற்றையும் தியாகம் செய்துவிட்டு விடியலில் நழுவினார். வெளிக்கதவைத் திறந்தால், முதுகுப்பையோடு ரோவீனா.

"தூக்கம் வரலை" என்றார் ரோவீனா, முகம் சிவந்து.

"எனக்கும்தான்" என்றார் டெஸ்மண்ட்.

அன்று சாயங்காலம் கிழக்குக் கடல் வந்தது. மேற்குக் கடற்கரையில் பொறுக்கி வந்த கூழாங்கல்லை, இந்த வழியில் நடப்பவர்களின் வழக்கப்படி அலையில் எறிந்தார்கள்.

"எப்படித் திரும்பிப் போறீங்க?" என்று ரோவீனா கேட்டார்.

"பஸ்லதான். நீங்க?"

"தங்கச்சி கார் எடுத்துட்டு வர்றா. மறுபடியும் கண்டிப்பா சந்திக்கணும்."

"கண்டிப்பா, கண்டிப்பா!"

கைகுலுக்கிப் பிரிந்தார்கள். முகவரியை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

விடுதி அறைக்கு வந்ததும் டெஸ்மண்ட் மனைவிக்குப் போன் செய்தார். "மொரீன், நான் வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். வந்த வழியிலேயே திரும்பி நடக்கப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு தடவை நடந்தது பத்தலையா?"

"இன்னும் ஒரு அடிகூடத் தனியா நடக்கலை, மொரீன்."

மறுநாள் விடியலில் மூடுபனி. ஆள் அரவம் இல்லை. ஊர் எல்லை தாண்டி, வயல் வரப்பில் ஏறியதும் டெஸ்மண்டுக்கு நெஞ்சு லேசாயிற்று. அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக அவருடைய காலடிச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது. ஒரு ஆடு கத்தியது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

கால் மைல்கூடப் போயிருக்க மாட்டார். எதிரே பனிக்குள்ளிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. நடைக்காரர்கள் கூட்டம்!

டெஸ்மண்ட் யோசிக்கவே இல்லை. பக்கத்துக் கல்சுவரின் மேல் கையை ஊன்றி, அந்தப் பக்கம் குதித்தார்.

அங்கே ஏற்கெனவே ஓர் உருவம் மழைக்கோட்டால் தலையை மூடிக் குந்தியிருந்தது.

"உஷ்! தலையைக் குனிங்க" என்று திரும்பிப் பார்க்காமலே கிசுகிசுத்தது. "பார்த்துட்டாங்கன்னா கூடவே வந்து ஒட்டிக்குவாங்க."

கூட்டம் வானிலையைப் பற்றிப் பேசியபடியே சுவரை ஒட்டியே கடந்து போயிற்று. உருவம் நிம்மதியாக மூச்சு விட்டு, மழைக்கோட்டை விலக்கி, டெஸ்மண்டைப் பார்த்தது.

அது ரோவீனா. அவர்தான் முதலில் எழுந்து, காலில் ஒட்டிய புல்லைத் தட்டி, பையை மாட்டிக்கொண்டார்.

"சரி, வாங்க… உங்களை மாதிரி மாட்டைக் கண்டு பயப்படற மனுஷனை எப்படித் தனியா விடறது?"