படகில் உறங்குபவர்

முற்பகல் வெயில் தியான இல்லத்து வேம்பினூடாகப் புள்ளிபுள்ளியாக விழுகிறது. குசினியில் தேங்காய் திருவுகிறார்கள். மரத்தடியில், மூன்று நாள் மௌனத் தியானத்துக்கு வந்த பாசையூர்க் கடற்றொழிலாளி மரியநாயகம்; எதிர்க் கதிரையில், வங்கிக்கு லீவு போட்டுவிட்டு புனித இஞ்ஞாசியார் முறையில் தியானம் வழிநடத்த வந்த தொண்டர் பெனடிக்ரா. புயலிலும் யேசு உறங்கிய அந்தப் படகில் தானும் இருப்பதாக நினைத்துச் செபிக்கும்படி நேற்று அவரிடம் சொல்லியிருந்தாள். “ஆண்டவரை எழுப்பினீங்களோ, ஐயா?” “இல்லைப் பிள்ளை. தண்ணி இறைச்சுக்கொண்டிருந்தன்.” “ஏன் எழுப்பேல்லை?” அவர் உள்ளங்கைக் காய்ப்பைத் தடவுகிறார். குசினிச் சத்தம் நின்றிருக்கிறது. “முந்திப் புயலடிச்ச அண்டைக்கு, எங்கடை படகிலை நித்திரையாய்க் கிடந்த என்ரை தம்பியை எழுப்பி, நங்கூரத்தைப் பாரெண்டு முன்னுக்கு அனுப்பினன். அலை அவனைக் கொண்டுபோட்டுது. இவரெண்டாலும் படுக்கட்டுமெண்டு விட்டிட்டன்.”