டவுன்ஹாலில் இறங்கும் அம்மா

தங்கை கல்யாணத்துக்குப் பம்பாயிலிருந்து பிளேனில் வந்த சென்னிமலை, பீளமேடு ஏர்போர்ட்டில் டாக்சிக் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார். பின்சீட்டில் வெற்றிலை எச்சில், கொழகொழவென்று.

"கருமம்! யாருங்க துப்புனது?"

"கோயமுத்தூர் டவுன்ஹால்ல எறங்கற அம்மாங்க. தெனமும் துப்பீட்டுத்தான் எறங்குவாங்க" என்றபடி டிரைவர் துணியால் துடைத்தார்.

சென்னிமலை வெற்றிலை வாடையே ஆகாத மனுஷர். புதுச்சட்டையில் பட்டுவிடாமல் ஓரமாக ஒடுங்கி, வாயை இறுக மூடிக்கொண்டு வந்தார். வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை. யாரும் ஏறவுமில்லை.

டவுன்ஹாலில் அவர் இறங்கியதும் டிரைவர் துணியோடு பின்னால் வந்து சீட்டெல்லாம் தேடினார்.

"அம்மா எறங்கிப் போயாச்சு. இன்னிக்கு எச்சலைக் காணோமேங்க?"

எந்த அம்மா என்று கேட்கச் சென்னிமலை வாயைத் திறந்தார். நாக்குக்கடியில், யாரோ மென்ற வெற்றிலை வெதுவெதுப்பாகக் கிடந்தது.