ஃபெரைட் வளையங்கள்

வாசல் பலகையில் தணிகாசலத்தின் பெயரைவிட அவருடைய அமெச்சூர் ரேடியோ அழைப்புக்குறிதான் பெரிதாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தினமும் தன்னைக் கூப்பிடுவதாகவும், வீட்டுச் சாமான்கள் கிளப்பும் இரைச்சல்தான் அந்தக் குரல்களை விழுங்கிவிடுவதாகவும் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஒரு குரலாவது காதில் விழுந்தால்தான் இனி அவருக்கு மரியாதை. வயர்களுக்கெல்லாம் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களை வளையல் மாதிரி பூட்டினார். எல்.இ.டி. பல்புகளைக் கழற்றினார். கடைசியில் ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினார்.

“மாவு புளிச்சிருமேங்க,” என்றாள் மனைவி வேதவல்லி.

“உலகமே என்னைக் கூப்பிடுது, உனக்கு மாவு பெருசா?”

“அணைக்காத சாமான் இனி நான் ஒருத்திதான். இந்தா, வாயை மூடிக்கிட்டேன்.”

பேட்டரியில் ரேடியோவைப் போட்டார். துடைத்துவிட்டாற்போல இரைச்சல் போயிருந்தது. பிரேசில்காரர் ஒருவரும் பின்லாந்துக்காரர் ஒருவரும் பக்கத்து அறையில் இருப்பதுபோலத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், தங்களுக்குள். தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கில் தன் அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாக முழங்கினார். இருவரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள்.

“நடுவிலே ஏதோ இரைச்சல்,” என்றார் பின்லாந்துக்காரர் ஆங்கிலத்தில். “வாங்க, வேற அலைவரிசைக்குப் போயிடலாம்.”

“யாராச்சும் கூப்பிட்டாங்களா?” என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் வேதவல்லி.

தணிகாசலம் மைக்கைக் கீழே வைத்தார்.

“இரைச்சல் இன்னும் நிக்கல,” என்றார்.